முதலில் டயரைச் சொல்லுங்கள், அப்புறம் ஆக்ஸிலைச் சொல்கிறேன்

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 44, கம்ப்யூட்டர் வேலை. ஆறு வருடம் முன்பு 1970ஆம் ஆண்டு செவர்லே செவெல் மாலிபு ஒன்றை வாங்கினார். இரண்டு கதவு, பழைய 350 கன அங்குல எஞ்சின். போன வருடம் அந்த எஞ்சினை எடுத்துவிட்டு, புதிதாகக் கட்டிய 454 எஞ்சினை வைத்தார். சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் 610 குதிரைத்திறன், 580 பவுண்டு-அடி முறுக்குவிசை. பின்னால் டிரெமெக் டிகேஎக்ஸ் ஐந்து கியர் பெட்டி, கிளட்ச் மிதித்து ஓட்டுவது. வருடத்துக்கு நான்கைந்து தடவை கால் மைல் பந்தயத் தடத்துக்குப் போகிறார். சிறந்த நேரம் 12.4 வினாடி. முதல் இரண்டு கியரிலும் டயர் சும்மா சுற்றிப் புகை விடுகிறதே தவிர வண்டி நகர மாட்டேன் என்கிறது. அதனால் டிராக் ரேடியல் என்கிற, தரையை இறுகப் பிடிக்கும் பந்தய டயர் ஒரு ஜோடி வாங்கி கராஜில் வைத்திருக்கிறார். இன்னும் மாட்டவில்லை. மாட்டுவதற்கு முன்னால் பின் ஆக்ஸிலைப் பற்றி பயம் வந்துவிட்டது.

நான்கு பேரிடம் கேட்டிருக்கிறார், ஐந்து பதில் கிடைத்திருக்கிறது. ஒருவர் டேனா 60 ஆக்ஸில் போடு என்கிறார். இன்னொருவர் 12-போல்ட் (பின்மூடியில் பன்னிரண்டு போல்ட் உள்ள செவர்லே ஆக்ஸில்) போதும் என்கிறார். பட்டறைக்காரர் ஃபோர்ட் 9 அங்குலம் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்கிறார். மச்சினர், “ஆறு வருஷமா உடையாதது இனிமேலா உடையப் போகுது, கியரை மட்டும் 4.56க்கு மாத்து, பறக்கும்” என்கிறார். பழைய வண்டிச் சாமான் விற்பவர் ஒருவர் 400 டாலருக்கு ஒரு 12-போல்ட் வைத்திருக்கிறாராம். கையில் இருப்பது நாலாயிரம் டாலர். அடுத்த வருடம் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) வைத்து 800 குதிரைத்திறனைத் தொடும் ஆசையும் உண்டு. கடைசி வரியில்தான் முக்கியமான விஷயம்: பதினாலு வயது மகன் பெரும்பாலும் பக்கத்து இருக்கையில் இருப்பானாம்.

அவர் கேள்வி இதுதான்: “800 குதிரைத்திறன் தாங்கும் ஆக்ஸில் எது?”

அன்பு நண்பரே,

கேள்வியையே கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். “இந்த ஆக்ஸில் இத்தனை குதிரைத்திறன் தாங்கும்” என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போங்கள். சொன்னவர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அவர் வண்டிக்கு அது உண்மையாக இருக்கும். உங்கள் வண்டி அவர் வண்டி இல்லை.

ஒரு சொல் விளக்கம். இந்தப் பதிலில் ‘ஆக்ஸில்’ என்றால் பின்பக்கத் தொகுதி முழுவதும். ‘அச்சு’ என்றால் உள்ளேயிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு மட்டும். எஞ்சின் பக்கமிருந்து வரும் சின்னப் பல் சக்கரம் பினியன். அது சுற்றும் பெரிய பல் வளையத்தை அமெரிக்காவில் ரிங் கியர் என்பார்கள், நம்ம ஊர் லாரிப் பட்டறைகளில் கிரவுன் என்போம். எனக்கு அந்தப் பெயர்தான் வாயில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

610 என்ற எண் ஆக்ஸிலுக்குத் தெரியாது

ஆக்ஸிலுக்குத் தெரிவது முறுக்கு மட்டுமே. உங்கள் எஞ்சின் தரும் 580 பவுண்டு-அடியை முதல் கியரின் 2.87ஆல் பெருக்குங்கள், அதை 3.73 கிரவுன்-பினியன் விகிதத்தால் பெருக்குங்கள். சுமார் 6,200 பவுண்டு-அடி வரும். எஞ்சின் கொடுக்கத் தயாராக இருக்கும் அளவு இது.

ஆனால் அந்த 6,200 உங்கள் அச்சுக்கு இதுவரை ஒருநாளும் வந்ததில்லை. டயர் தரையைப் பிடித்தால்தான் முறுக்கு ஏறும். பிடி விட்டால் சக்கரம் சுற்றிவிடும், முறுக்கு அங்கேயே நின்றுவிடும். நீங்கள் உட்கார்ந்த நிலையில் வண்டி 3,900 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 27 அங்குல சாலை டயர் நல்ல தாரில் பிடிக்கும் பிடியை வைத்து, கிளம்பும்போது பின்னால் சாயும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 2,100 பவுண்டு-அடி அளவில்தான் போகும். மிச்சம் புகை. அந்தப் புகைதான் ஆறு வருடமாக உங்கள் ஆக்ஸிலைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது அந்த டிராக் ரேடியலை மாட்டுங்கள். பந்தயத் தடத்தில் பிசின் தடவிய தரையில் அதன் பிடி சாலை டயரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். பிடி கூடக்கூட வண்டி இன்னும் வேகமாகப் பாயும், எடை இன்னும் பின்னால் சாயும், பிடி மறுபடி கூடும். அதே கணக்கு 4,100ஐத் தாண்டுகிறது. எஞ்சினில் ஒரு குதிரை கூடவில்லை. ஆக்ஸில் தாங்க வேண்டியது இரட்டிப்பாகிவிட்டது.

வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டை ஃபியூஸில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஃபியூஸ் அப்புறம் போகாது. சுவருக்குள் ஓடும் வயர்தான் எரியும். சாலை டயர்தான் உங்கள் ஃபியூஸ். மச்சினர் சொன்ன “ஆறு வருஷமா உடையவில்லை” என்பது ஆக்ஸிலுக்குக் கிடைத்த சான்றிதழ் இல்லை. டயருக்குக் கிடைத்தது.

இரண்டாவது விஷயம் கிளட்ச். ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வர்ட்டர் எண்ணெய் வழியாக முறுக்கைத் தள்ளும். மெத்தையில் விழுந்த மாதிரி ஏறும். உங்கள் வண்டியில் 5,000 சுற்றில் சுழலும் கனமான ஃப்ளைவீலை, கிளட்ச்சை டக்கென்று விட்டு, அசையாமல் நிற்கும் அச்சோடு சேர்க்கிறீர்கள். அந்த நொடியில் எஞ்சினின் முறுக்கோடு ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த ஓட்டமும் சேர்ந்து ஒரே அடியாக இறங்கும். சம்மட்டி அடி அது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1960களின் பின்பாதியில் கிரைஸ்லர் நிறுவனம் 425 குதிரைத்திறன் 426 ஹெமி எஞ்சினை விற்றபோது, நான்கு கியர் கிளட்ச் வண்டிக்கு டேனா 60 ஆக்ஸிலைப் போட்டது. அதே எஞ்சின் ஆட்டோமேட்டிக் பெட்டியோடு போனால் பெரும்பாலும் அவர்களுடைய 8¾ அங்குல ஆக்ஸில்தான். குதிரைத்திறன் ஒன்றே, ஆக்ஸில் வேறு. அதனால் யாராவது “என் வண்டியில் 12-போல்ட் 900 குதிரை தாங்குது” என்றால் முதலில் கேளுங்கள்: கிளட்ச்சா ஆட்டோவா? என்ன டயர்? வண்டி எத்தனை பவுண்டு?

இப்போது உள்ளே என்ன இருக்கிறது

நீங்கள் அனுப்பிய படத்தில் மூடியில் பத்து போல்ட் தெரிகிறது. வீட்டின் (கியர்களை மூடியிருக்கும் இரும்பு உறையின்) அடிப்பக்கம், மூடிக்குக் கீழே, வழவழவென்று உருண்டையாக இருக்கிறது. 8.5 அங்குல 10-போல்டாக இருந்தால் அங்கே ஐந்து மணி, ஏழு மணி நிலைகளில் இரண்டு தடித்த புடைப்புகள் இருக்கும். உங்களுடையதில் இல்லை. ஆகவே இது 8.2 அங்குலம். பினியன் தண்டும் மெலிசு, அச்சின் உள்முனையில் 28 பல் வரிகள். 350 எஞ்சினோடு குடும்பத்தைக் கடைக்குக் கூட்டிப்போக வடிவமைத்தது. அந்த வேலையை ஐம்பது வருடத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்திருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 454க்குப் பின்னால், டிராக் ரேடியலோடு, கிளட்ச்சோடு? அதில் புது கியர், புது அச்சு என்று ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள்.

இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பட்டறையில் சொல்லி ஒரு பக்க அச்சை உருவச் சொல்லுங்கள். அதன் உள்முனையில் இருக்கும் பல் வரிகளைத் துடைத்துவிட்டு, கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கிக் குழலைப் பார்ப்பது மாதிரி ஒரு முனையிலிருந்து பாருங்கள். வரிகள் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருக்க வேண்டும். கயிறு திரித்த மாதிரி லேசாகச் சாய்ந்து போயிருந்தால், எஃகு ஏற்கெனவே முறுகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் பட்டறைக்கு “ஒரு பிரச்சினையும் இல்லை, சும்மா ஆயில் சீல் மாற்ற வந்தேன்” என்று வந்த வண்டிகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவருடைய அச்சில் வரிகள் கால் பல் அளவுக்குத் திரும்பியிருந்தன. எதிரே வைத்துக் காட்டியதும் அவர் வண்டியை ஓட்டிப் போகவில்லை, இழுவை லாரியைக் கூப்பிட்டார்.

மூன்று பேர் சொன்ன மூன்று ஆக்ஸில்

மூன்றும் நல்ல சரக்குதான். உங்களுக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

செவர்லே 12-போல்ட் உங்கள் வண்டியின் சொந்தக்காரன். 8.875 அங்குலக் கிரவுன், 1.625 அங்குல பினியன் தண்டு, 30 பல் அச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் 1970இல் நடுத்தர அளவு வண்டிகளுக்கான 400 கன அங்குல எஞ்சின் வரம்பை நீக்கி, செவெலின் வேக மாடலான எஸ்எஸ்ஸில் 450 குதிரைத்திறன் எல்எஸ்6 454ஐ வைத்தபோது பின்னால் போனது இதுதான். “அப்போ கம்பெனியே 454க்குப் போட்டது போதாதா?” என்று கேட்பீர்கள். அந்த வண்டிகள் ஷோரூமிலிருந்து எஃப்70-14 டயரோடு வந்தன. இன்றைய கண்ணுக்கு அது சைக்கிள் டயர். ஃபியூஸ் கதைதான் மறுபடியும்.

12-போல்டின் பலவீனம் இரண்டு. பினியனுக்குப் பின்பக்கம் மட்டும்தான் இரண்டு பேரிங். மூக்குப் பக்கம் தாங்க ஆளில்லை. பாரம் ஏறும்போது பினியன் கிரவுனை விட்டு ஒதுங்கப் பார்க்கும். இரண்டாவது, நடு வார்ப்புக்குள் அழுத்திச் செருகி, சில இடங்களில் மட்டும் பற்றவைத்த குழாய்கள். சம்மட்டி அடி தொடர்ந்தால் குழாய் வார்ப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். குழாயைச் சுற்றிப் பற்றவைத்து, பேரிங் மூடிகளைத் தாங்கும் கனமான பின்மூடி போட்டால் நிறையத் தாங்கும்.

ஃபோர்ட் 9 அங்குலம் 1957 முதல் 1986 வரை ஃபோர்ட் வண்டிகளில் வந்தது. இதில் பினியனின் மூக்கையும் தனியாக ஒரு பேரிங் பிடித்துக்கொள்கிறது. அந்த மூன்றாவது பேரிங்தான் இதன் புகழுக்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி, கிரவுன்-பினியன் முழுவதும் பத்து நட்டுகளைக் கழற்றினால் முன்பக்கமாகத் தனித் தொகுதியாக வெளியே வந்துவிடும் வசதி. மேசை மேல் வைத்து ஒழுங்கு செய்யலாம், வண்டிக்கடியில் படுத்து அல்ல. அமெரிக்காவின் பெரிய கார் பந்தயமான நாஸ்காரில் செவர்லே, டொயோட்டா என்று பெயர்ப்பலகை எதுவானாலும் பின்னால் 9 அங்குல வகையே பல பத்தாண்டுகள் ஓடியது. 2022இல் வந்த புதிய தலைமுறை வண்டிதான் அதை மாற்றியது. செவர்லேக்காரர்கள் ஃபோர்ட் ஆக்ஸில் போடக் கூச்சப்படுவது எனக்குப் புரியும். நாஸ்காரே கூச்சப்படவில்லை.

குறை இல்லாமலில்லை. பினியன் கிரவுனின் மையத்துக்கு இரண்டு அங்குலத்துக்கும் மேல் கீழே தாழ்ந்து உட்கார்ந்திருப்பதால் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று அதிகம் வழுக்கும். 12-போல்டில் இந்தத் தாழ்வு ஒன்றரை அங்குலம்தான். அதனால் 9 அங்குலத்தில் கொஞ்சம் சக்தி சூடாகிப் போகும். பந்தயத்தில் நூறில் ஒரு வினாடியைத் துரத்துகிறவருக்கு அது கவலை. உங்களுக்கு இல்லை.

டேனா 60: 9.75 அங்குலக் கிரவுன், 35 பல் அச்சு. பலத்தில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கனம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் ஒவ்வொரு பவுண்டும் பள்ளத்தில் விழும்போது பின்பக்கத்தைக் குலுக்கும். உங்கள் வண்டி வருடத்தில் ஐந்து நாள் பந்தயத்துக்கும் மீதி நாள் சாலைக்கும் போகிறது. “பெரிசா போட்டுட்டா கவலையில்லை” என்பது லாரிக்குச் சரி.

அந்த 400 டாலர் சரக்கு

வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய அதன் படத்தில் சக்கர ஆணிகள் ஆறு தெரிகின்றன. அது பிக்அப் லாரியிலிருந்து வந்த 12-போல்ட். மூடியில் பன்னிரண்டு போல்ட் இருப்பது மட்டும்தான் ஒற்றுமை. பினியன் தண்டு 1.438 அங்குலம்தான், உங்களுக்குத் தேவையான கார் வகையைவிட மெலிசு, கியர்களும் மாறாது. போதாததற்கு, செவெலில் ஆக்ஸிலை வண்டியோடு இணைக்கும் கைகளில் மேல் கை இரண்டும் வந்து மாட்டும் காதுகள் ஆக்ஸில் வார்ப்பின் மேலேயே இருக்க வேண்டும். லாரி ஆக்ஸிலில் அவை கிடையாது. 400 டாலரில் வாங்கி 2,000 டாலர் வெல்டிங் செய்து, கடைசியில் கையில் மிஞ்சுவது லாரி ஆக்ஸில்.

“எஸ்எஸ்ஸிலிருந்து கழற்றிய அசல் 12-போல்ட்” என்று யாராவது விற்க வந்தால், பயணி பக்கக் குழாயில் அடித்திருக்கும் குறியீட்டைப் பெயிண்ட் சுரண்டிப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். எந்த விகிதம், போசிட்ராக்‌ஷனா (இரண்டு சக்கரத்துக்கும் முறுக்கு போகும் செவர்லே அமைப்பு) இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். படிக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

பக்கத்து இருக்கையில் மகன்

உங்கள் கடிதத்தில் இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் உறுத்தியது.

10-போல்ட், 12-போல்ட் இரண்டிலும் அச்சு வெளியே வழுக்கி வராமல் பிடித்திருப்பது, உள்முனைக் காடியில் செருகிய ஆங்கில ‘சி’ வடிவத் தகடு ஒன்றுதான். சி-கிளிப் என்பார்கள். அளவில் சின்ன மோதிரம் மாதிரி இருக்கும். அச்சு நடுவில் உடைந்தால் அந்தக் கிளிப் பிடித்திருப்பது உடைந்த துண்டை மட்டுமே. மறு துண்டும் பிரேக் டிரம்மும் சக்கரமும் சேர்ந்து வண்டியை விட்டு வெளியே போகும். ஃபோர்ட் 9 அங்குலத்தில் அச்சை வெளிமுனையில், பேரிங்குக்கு மேல் ஒரு தகட்டை நான்கு போல்ட்டால் இறுக்கிப் பிடித்திருக்கும். அச்சு உள்ளே உடைந்தாலும் சக்கரம் பெரும்பாலும் இடத்திலேயே நிற்கும். வண்டி நகராது, அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒருவருடைய வண்டியில் அச்சு உடைந்தது பந்தயத் தடத்தில் அல்ல, பெட்ரோல் பங்கிலிருந்து சாலைக்குத் திரும்பும் இடத்தில். முந்தைய நாள் இரவு தடத்தில் முறுகிய அச்சு, மறுநாள் மெதுவாகப் போகும்போது விட்டுவிட்டது. சக்கரம் தனியாக உருண்டு போய் எதிர்ப்பக்க வேலியில் சாய்ந்து நின்றது. எழுபது மைல் வேகத்தில் நடக்கவில்லை, நல்லவேளை.

அமெரிக்காவில் இந்தக் கால் மைல் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் விதியிலும் இதற்கு இடம் உண்டு. 10.99 வினாடி அல்லது அதைவிட வேகமாக ஓடும் வண்டிக்கு வெளியில் வாங்கிய பலமான அச்சும், அச்சு கழன்று வராமல் பிடிக்கும் அமைப்பும் கட்டாயம். உங்கள் எடைக்கும் 610க்கும் டயர் முழுசாகப் பிடித்தால் பதினோரு வினாடிக்குப் பக்கத்தில் போய்விடுவீர்கள்; சூப்பர்சார்ஜர் வந்தால் தாண்டிவிடுவீர்கள். அதற்கு முன்பே 11.49இல் பாதுகாப்புக் கம்பிவளைவும் டிரைவ்ஷாஃப்ட்டை (கியர் பெட்டியிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் தண்டை) கீழே விழாமல் பிடிக்கும் வளையமும் கேட்பார்கள். தடத்துக்குப் போகும் முன் நடப்பு ஆண்டு விதிப்புத்தகத்தைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள். பழைய வண்டிகளுக்கான பாலிசிகளில் பந்தயத் தடத்தில் நடந்ததற்குப் பணம் கிடையாது என்ற வரி சாதாரணமாக இருக்கும். எஞ்சின் மாற்றியதைச் சொல்லாமல் விட்டால் சாலையில் நடந்ததற்கும் இழுத்தடிப்பார்கள்.

12-போல்டே வேண்டும் என்றால் குழாய் முனைகளை வெட்டி, ஃபோர்ட் மாதிரி முனைகளைப் பற்றவைத்துத் தருவார்கள். அது நல்ல வழி. முனையில் போல்ட் போட்டு மாட்டும் சி-கிளிப் மாற்று செட் மலிவு. ஆனால் வளைவுகளில் எண்ணெய் கசியும் என்று தினம் ஓட்டுபவர்கள் புலம்பிக் கேட்டிருக்கிறேன்.

4.56 ஆசை

மச்சினருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்று சொல்லுங்கள். விகிதம் கூடினால் எஞ்சின் முறுக்கு ஆக்ஸிலில் இன்னும் பெருகும். பினியனும் சின்னதாகும். 3.73 என்பது பதினொரு பல் பினியன் நாற்பத்தொரு பல் கிரவுனைச் சுற்றுவது, 4.56இல் பினியனுக்கு ஒன்பது பல்தான். குறைந்த பற்கள், சின்ன உருளை, கூடுதல் பாரம். ஏற்கெனவே டயர் சுற்றுகிற வண்டிக்கு இன்னும் முறுக்கு கொடுத்து என்ன செய்வது?

சாலைக் கணக்கும் பாருங்கள். உங்கள் ஐந்தாவது கியர் 0.68. 3.73 விகிதத்தில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் 2,200 சுற்று. 4.56 போட்டால் 2,700. பெரிய எஞ்சினுக்கு அது வீண் சத்தம், வீண் பெட்ரோல். 9 அங்குலத்தில் 3.73 கிடையாது, 3.70தான் வரும். அதுவே போதும். சூப்பர்சார்ஜர் வந்தபிறகு 3.50க்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை.

கியரைப் பற்றவைத்துப் பூட்டுவது, அல்லது ஸ்பூல் (இரண்டு அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடும் துண்டு) போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாலை வண்டிக்கு ஸ்பூல் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் சண்டை போடும்; அந்தச் சண்டை நடப்பது அச்சுக்குள். திருப்பத்தில் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விட்டு, நேரே போகும்போது இரண்டுக்கும் முறுக்கு தரும் அமைப்புதான் வேண்டும்: ஹெலிகல் கியர் வகை லிமிடெட் ஸ்லிப் அல்லது ஒரு லாக்கர், இரண்டில் ஒன்று. லாக்கர் பலசாலி, ஆனால் வளைவில் டக் டக் என்று சத்தம் போடும். மகனோடு ஊர் சுற்றுகிறவருக்கு ஹெலிகல் நிம்மதி.

என் யோசனை

1964-72 செவெலுக்கென்றே காதுகளும் தாங்கிகளும் பற்றவைத்து விற்கும் 9 அங்குல வீடு வாங்குங்கள். பழைய வண்டியிலிருந்து எடுத்ததை வாங்கி நீங்களே வெட்டி ஒட்ட வேண்டாம். அந்த அழுத்தத் தகட்டு வீடு வளையக்கூடியது, பின்பக்கம் தாங்கு பட்டை இல்லாமல் நேராக நிற்காது. நடுத் தொகுதி நோடுலர் இரும்பு வார்ப்பாக இருக்கட்டும், சாதா வார்ப்பு வேண்டாம்.

அச்சு 35 பல். 31 பல் இப்போதைக்குப் போதும் என்பார்கள், பொய்யில்லை. ஆனால் அச்சின் முறுக்கு பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 31 பல் அச்சு சுமார் 1.32 அங்குலம், 35 பல் 1.50. பார்வைக்கு ஒரு நூல் வித்தியாசம். பலத்தில் கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுதல். உங்கள் பழைய 28 பல் சுமார் 1.20, அதோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரட்டிப்பு. பின்னால் மாற்றினால் அச்சோடு டிஃபரன்ஷியலையும் மாற்ற வேண்டும், ஆகவே இப்போதே முடித்துவிடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன் பழைய ஆக்ஸிலின் சக்கர முகத்திலிருந்து சக்கர முகம் வரை நீங்களே டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சக்கர ஆணி வட்டம் செவர்லேக்கு 4¾ அங்குலம், ஃபோர்டுக்கு 4½. சொல்லாவிட்டால் ஃபோர்ட் அளவில் துளையிட்டு அனுப்பிவிடுவார்கள். டிரைவ்ஷாஃப்ட் நீளம் மாறும். ஆக்ஸில் உள்ளே உட்கார்ந்து, வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றபிறகு அளந்து புதிதாகச் செய்யச் சொல்லுங்கள், 1350 அளவு யு-ஜாயின்ட்டோடு (தண்டின் முனையில் வளைந்து கொடுக்கும் மூட்டு). பினியன் கோணத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளட்டும்.

நாலாயிரத்துக்குள் எல்லாம் அடங்காமல் போகலாம். அப்படியானால் பின் டிஸ்க் பிரேக்கைத் தள்ளிப்போடுங்கள், பழைய டிரம் புது வீட்டின் முனைகளுக்குப் பொருந்துமா என்று ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சூப்பர்சார்ஜரையும் தள்ளிப்போடுங்கள். கீழ்க் கைகளையும் அவற்றின் ரப்பர் புஷ்களையும் தள்ளிப்போடாதீர்கள். செவெலின் கீழ்க் கை திறந்த தகரம். முறுக்கினால் நெளியும், பின்சக்கரம் தடதடவென்று துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் பிடி விட்டுப் பிடித்து ஒரு சம்மட்டி அடி. எவ்வளவு பெரிய அச்சானாலும் அந்தத் துள்ளல் உடைத்துவிடும். தடத்தில் துள்ள ஆரம்பித்தால் காலை எடுத்துவிடுங்கள், அந்த ஓட்டம் போனால் போகட்டும்.

பட்டறையில் கியர் பொருத்தியதும் மூன்று விஷயத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: பல் இடைவெளி எத்தனை ஆயிரத்தில் அங்குலம், பினியன் பேரிங் இறுக்கம் எவ்வளவு, பற்களில் வர்ணம் தடவிப் பார்த்த தடத்தின் படம். இடைவெளி பொதுவாக 6இலிருந்து 10 ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வரும். புது கிரவுன்-பினியனோடு வரும் தாளில் உள்ள எண்ணே இறுதி. எழுதித் தர மறுக்கிற பட்டறை அளக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர் செய்பவர்கள் பந்தயத்தில் உடைந்தால் உத்தரவாதம் தருவது அபூர்வம். ஊளைச் சத்தம் வந்து, குறை கியரிலா பொருத்தியதிலா என்ற பேச்சு வரும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ரசீது மட்டும்தான்.

புது கியருக்கு முதல் நாள் பதினைந்து இருபது மைல் மெதுவாக ஓட்டி, கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படி. 500 மைலில் எண்ணெயை மாற்றுங்கள். வடித்த எண்ணெயில் வெள்ளிப்பொடி மாதிரி மினுங்கினால் பயப்படாதீர்கள், துண்டு துண்டாக வந்தால் எனக்கு எழுதுங்கள். அதுவரை டிராக் ரேடியல் கராஜிலேயே இருக்கட்டும்.

பழைய 10-போல்டை விற்றுவிடாதீர்கள். எண்ணெயை வடித்து, குழாய் முனைகளில் துணி அடைத்து, குழாயில் அடித்திருக்கும் குறியீடு தெரிகிற மாதிரி சுவரோரம் சாய்த்து வையுங்கள். என்றாவது வண்டியை விற்கும்போது, பிறந்தபோது இருந்த ஆக்ஸில் கூடவே வருகிறது என்று சொன்னால் வாங்குகிறவர் முகம் மாறும். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மச்சினரைக் கூப்பிடுங்கள்.